கரிக்கோடு
(ஆண்டு விழா நினைவேந்தல் நேரத்தில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

இங்கே மாலை போட்டு வெச்சிருக்கிற இரண்டு பேரும் உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். ஒருத்தர் டெய்லர் அக்கா. இன்னொருத்தர் நாம எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிட்டவங்க. இரண்டு பேருக்குமே மார்பகப் புற்றுநோய் வந்து, வைத்தியம் பார்த்து நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். அதற்கு அப்புறம் நம்ம புற்றுநோய் உதவிக் குழுவில் ஒரு பைசா வாங்காமல் உழைத்தார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு பேரையும் இழந்துவிட்டோம்.

அவங்க என்ன செஞ்சாங்கன்னு சொல்லணும்னா என் கதையைத்தான் சொல்லணும். மூணு வருஷத்துக்கு முன்னாடி என் இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிதான் இல்லையேன்னு சும்மா இருந்துட்டேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லவும் கூச்சம். நாலு மாசம் ஓடிப்போச்சு.

தீபாவளி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனேன். டேப்பைச் சுற்றும்போது நான் நெளிஞ்சதைப் பார்த்து டெய்லர் அக்கா கதவைச் சாத்தினாங்க. "என்னடி மறைக்கிற?" என்று கேட்டாங்க. அழுதுட்டேன். "எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லடி. ஆனா எதுன்னு நீயும் நானும் சொல்ல முடியாது. டாக்டர்தான் சொல்லணும். நாளைக்குக் காலையில முதல் பஸ்சுக்குக் கிளம்பு" என்றாங்க.

பஸ்சில் கூட வந்தது பெரியம்மா. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை செய்த அன்றைக்கும், புற்றுநோய்தான் என்று முடிவு வந்த அன்றைக்கும், காப்பீட்டு அட்டைக்கு வரிசையில் நின்றபோதும் அவங்கதான் இருந்தாங்க. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கையைத் தூக்கவே முடியவில்லை. பெரியம்மா தினமும் சாயங்காலம் வந்து, சுவரில் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறச் சொல்வாங்க. எட்டின இடத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு போடுவாங்க. "நாளைக்கு இதுக்கு மேல" என்பாங்க. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டோம். அந்தக் கோடெல்லாம் இன்னும் இருக்கு.

டெய்லர் அக்கா எனக்கு உள்ளே பை வைத்த பாடி தைத்துக் கொடுத்தாங்க. இலவம்பஞ்சு அடைத்து, கனம் சரியாக இருக்கக் கொஞ்சம் கடுகும் முடிந்து வைத்தாங்க. அதைப் போட்டுக்கிட்டுத்தான் மறுபடி குழுக் கூட்டத்துக்கு வந்தேன். இப்படி எத்தனை பேருக்குத் தைச்சாங்கன்னு எந்த நோட்டிலும் இல்லை. யார் பேரையும் அவங்க வெளியே சொன்னதில்லை.

சங்கத்துப் பெண்கள் இந்த வேலையைச் செய்றது புதுசு இல்லை. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை மனசில் வைத்து, இந்திய மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நிதி திரட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்றைக்கு அங்கே 12 படுக்கைதான். நம்ம இரண்டு பேரும் ஆஸ்பத்திரி கட்டவில்லை. ஆனா ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டப் பயந்தவங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாங்க.

இப்ப சொல்லப்போறது கொஞ்சம் கஷ்டமானது. டெய்லர் அக்காவுக்கு நோய் திரும்பி எலும்புக்கு வந்துவிட்டது. அவங்க ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போனவங்கதான். பெரியம்மா கதை வேற. ஆறு மாசத்துக்கு ஒருமுறை அவங்க மறுபரிசோதனைக்குப் போகணும். இரண்டு தடவை அந்தத் தேதியில் வேற யாரையோ கீமோவுக்குக் கூட்டிப் போனாங்க. அதில் ஒரு தடவை கூட்டிப் போனது என்னை. "என் தேதி எங்கே ஓடிப்போகுது" என்று சிரிச்சாங்க. இருமல் நிற்காமல் போய்ப் பார்த்தபோது நுரையீரலில் பரவியிருந்தது. முன்னாடியே போயிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா "பெரியம்மா, உங்க செக்கப் என்ன ஆச்சு?" என்று நான் கேட்கவில்லை. நம்மில் யாருமே கேட்கவில்லை. கடன் தவணை ஒரு மாசம் தவறினா வீடு தேடிப் போய்க் கேட்கிறோம் இல்லையா?

அதனால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இப்ப அந்த வேலையை நானும் இன்னும் மூணு பேரும் பார்க்கிறோம். மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு எழுதுறதுக்கு முன்னாடி, தொண்டு செய்றவங்களோட பரிசோதனைத் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதணும். அன்றைக்கு அவங்களுக்கு வேற வேலை கொடுக்கக் கூடாது. துணைக்கு ஒருத்தர் போகணும். போட்டோவுக்கு மாலை போடுறதைவிட இதுதான் அவங்க இரண்டு பேருக்கும் நாம செய்ற மரியாதை.

என் தேதி அடுத்த மாசம் 12. யார் கூட வர்றீங்கன்னு கூட்டம் முடிஞ்சதும் வந்து சொல்லுங்க.