படிப்பும் நமது உரிமைப் போராட்டமே
(நர்ஸுகள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இரவு ட்யூட்டி முடித்து, வீட்டில் உலை வைக்குமுன் இங்கே வந்து கூடியிருக்கிறோம். "இவ்வளவு வேலைக்கு மேல் படிப்பு வேறா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்வி. அதற்கு நேராகவே பதில் காண்போம்.

பிரசவ வார்டை எடுத்துக்கொள்வோம். தாய்க்கு எவ்வளவு ரத்தம் போயிற்று என்று நெடுங்காலமாகக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டு வந்திருக்கிறோம். கண் ஏமாற்றிவிடும். துணியில் ஊறியது கணக்கில் வராது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2023ல் வெளியாயிற்று. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் வைத்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு மிஞ்சியதும் கர்ப்பப்பையைப் பிசைந்துவிடுதல், மருந்து, டிரிப் எல்லாவற்றையும் ஒருங்கே கொடுத்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று ஆபரேஷன், அதனால் வரும் மரணம் ஆகியவை மொத்தத்தில் 60 சதவிகிதம் குறைந்தன!

கட்டிலருகே நின்று அளப்பவர் யார்? நாம்தான். ஆனால் பத்து வருஷத்துக்கு முன் நாம் படித்த புத்தகத்தில் இந்த முடிவு இல்லை. நாம் அறியாதிருந்தால் பலியாகிறவள் யார்? சர்க்கார் ஆஸ்பத்திரியை நம்பி வரும் கூலிக்காரப் பெண், நம் வர்க்கத்துச் சகோதரி!

பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டில் 150 மணி நேரம் தொடர்கல்வி வேண்டுமென்று இந்திய நர்ஸிங் கவுன்சில் விதித்தது. விதித்தது சரி, அதற்கு நேரம் எங்கே? பணம் எங்கே? 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் பணி நிரந்தரம் கோரிப் போராடிய ஒப்பந்த நர்ஸுகளின் மாதச் சம்பளம் 7,700 ரூபாய்! ஓய்வு நாளையும் இழந்து, கைப்பணத்தையும் கட்டிப் படி என்றால் அது கல்வியல்ல, தண்டனை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 149வது உடன்படிக்கை 1977லேயே நர்ஸுகளின் கல்வியையும் வேலை நிலைமையையும் சேர்த்தே பேசியது.

ஆகவே படிப்பை வெறுக்க வேண்டாம். அதற்குரிய வசதியைக் கோருவோம். வகுப்பு ட்யூட்டி நேரத்திலேயே நடக்கட்டும். சம்பளம் வெட்டக்கூடாது. கட்டணத்தை நிர்வாகம் ஏற்கட்டும். காலியிடங்களை நிரப்பட்டும், ஆளில்லாத வார்டிலிருந்து யார் வகுப்புக்குப் போக முடியும்?

அதுவரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். வகுப்புக்குப் போய் வந்தவர், போக முடியாத தோழர்களுக்கு வாரம் அரைமணி நேரம் சொல்லிக் கொடுக்கட்டும். இதைச் சங்கத்தின் வேலையாகவே கொள்வோம்.

கற்போம்! ஒன்று திரள்வோம்! உரிமையை வெல்வோம்!