ஒரு மாணவன் தோண்டுவித்த கிணறு

 

அயல்நாட்டு மக்களின் துயர் துடைக்கப் பொருள் திரட்டுவது செல்வந்தர்க்கே உரிய பணி என்பது நம்மில் பலருடைய எண்ணம். "நம் குடும்பத்துக்கே போதவில்லை, கடல் கடந்தவர்க்கு எங்கே கொடுப்பது?" என்று கேட்போரும் உளர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், கனடா நாட்டு மாணவன் ஒருவனுடைய வரலாற்றைக் கேட்டபின் அதனை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அம்மாணவன் பெயர் ரயன் ஹெரல்ஜாக். ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள கெம்ப்ட்வில் அவன் ஊர். 1998ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் பயின்றான், வயது ஆறு. ஆப்பிரிக்கச் சிறுவர்கள் குடிநீருக்காக நெடுந்தூரம் நடக்கின்றனர் என்றும், 70 டாலர் இருந்தால் ஒரு கிணறு அமைக்கலாம் என்றும் வகுப்பில் கேள்விப்பட்டான். உடனே பெற்றோரிடம் அத்தொகையைக் கேட்டான். அவர்கள் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடவில்லை. வழக்கமான வேலைகளுக்கு மேல் உழைத்து ஈட்டிக்கொள்ளுமாறு கூறினர். வீட்டைத் துப்புரவு செய்தும் சன்னல்களைத் துடைத்தும் ஏறத்தாழ நான்கு மாதங்களில் 70 டாலரைச் சேர்த்தான்.

அதனைத் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. 70 டாலர் கைப்பம்புக்கு மட்டுமே போதும். கிணறு தோண்ட 2,000 டாலர் வேண்டும். சிறுவன் மனந்தளரவில்லை; இன்னும் வேலை செய்வதாகக் கூறினான். அவன் உறுதியைக் கண்டு அண்டை அயலாரும் ஊராரும் உதவ முன்வந்தனர். 1999ஆம் ஆண்டில் உகாண்டாவின் வடபகுதியிலுள்ள அங்கோலோ தொடக்கப்பள்ளியில் கிணறு அமைந்தது. மறு ஆண்டே அவன் அங்குச் சென்று அதனை நேரில் கண்டான். 2001ஆம் ஆண்டில் அவன் பெயரால் ஓர் அறநிறுவனம் தோன்றிப் பல நாடுகளில் குடிநீர்ப் பணி ஆற்றி வருகிறது.

கிணறு ஏன் பள்ளியில் அமைந்தது? தண்ணீர் தொலைவில் இருந்தால், அதனைச் சுமந்து வருவோர் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களுமே. குடத்தோடு நடக்கும் நேரம் படிப்பிலிருந்து கழிகிறது. மாசுபட்ட நீரால் வயிற்றுப்போக்கும் வாந்திபேதியும் பரவுகின்றன. பொதுக் குழாயடியில் வாளியுடன் வரிசையில் நின்ற காலத்தை நம் தோட்டத்து மூத்தோர் மறந்திரார். ஆகவே, அந்த மக்களின் துன்பம் நமக்கு அந்நியமன்று.

மாணவர்களே! இத்தகைய நற்பணியில் நீங்களும் இறங்கலாம். ஆனால் முறை தவறக்கூடாது. வீடுவீடாகச் சென்று நன்கொடை திரட்டுவதற்கு நம் நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு; உரிய உரிமம் இன்றி உண்டியல் ஏந்துதல் குற்றமாகும். எனவே முதலில் தலைமையாசிரியரிடம் கலந்து பேசுங்கள். பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியாகவே பணத்தை அனுப்புங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. பெற்ற ஒவ்வொரு வெள்ளிக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். மொத்தத் தொகையையும், அது சென்ற இடத்தையும் எழுதி, எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டுங்கள். பணம் என்னவாயிற்று என்று அறியாத ஊர் மறுமுறை கொடுக்காது.

கொடுக்க இயலாதவரை வற்புறுத்தாதீர்கள். அரிசி வாங்க வைத்திருக்கும் பணத்தை எவரும் தர வேண்டியதில்லை. கைப்பணம் இல்லாதவர் உங்களுக்குச் சிறு வேலை கொடுத்தோ, பழைய செய்தித்தாள்களைத் தந்தோ உதவலாம். அனுப்பும் நிறுவனத்திடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: பம்பு பழுதடைந்தால் அதனைச் சரி செய்ய அவ்வூரில் ஆளும் உதிரிப்பாகமும் உண்டா? பராமரிப்பு இல்லையெனில் நன்கொடை வீணாகிவிடும்.

அன்பர்களே! ஒரு பால்மரம் ஒரு மங்கு பாலே தருகிறது. அது போதாதென்று எந்த மரத்தையும் நாம் வெட்டாமல் விடுவதில்லை. நிரை முழுவதும் வெட்டி முடித்தபின் வாளி நிறைகிறது. உங்கள் பிள்ளை நாளை நல்ல நோக்கத்தோடும் முறையான அனுமதியோடும் வாசலில் வந்து நின்றால், "உனக்கேன் இந்த வேலை?" என்று திருப்பி அனுப்பாதீர்கள். இயன்றதைக் கொடுங்கள், கணக்கையும் கேளுங்கள்.