திரும்பத் திரும்ப வரும் பிழை தறியின் பிழை

(சாலைப் பாதுகாப்பையும் பஸ் வசதியையும் கேட்டு, பெரணமல்லூர் கடைத்தெருவில் பேசியது)

பெரணமல்லூர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, தறிக்குழியை விட்டு எழுந்து வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, ஆரணிக்கும் வந்தவாசிக்கும் செய்யாறு சிப்காட்டுக்கும் தினமும் போய்வந்து, களைத்த உடம்போடு இங்கே நிற்கும் தம்பிகளே, தங்கைகளே!

முதலில் ஒரு தொழில் கேள்வி. நெய்த சேலையை விரித்துப் பார்க்கிறீர்கள். ஓரிடத்தில் இழை விட்டிருக்கிறது. கை தவறியிருக்கும் என்கிறோம். அதே சேலையில் மேலிருந்து கீழ்வரை ஒரே இடத்தில் கோடு விழுந்திருந்தால்? அச்சில் ஒரு கம்பி வளைந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பூவுக்குப் பூ அதே குறை வந்தால்? ஜக்கார்டு அட்டையில் துளை தப்பியிருக்கிறது. ஒருமுறை வரும் பிழை கையின் பிழை. திரும்பத் திரும்ப, அதே இடத்தில் வரும் பிழை தறியின் பிழை. இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்த நாம், ஒரே வளைவில் நாலாவது ஆள் விழுந்து கிடக்கும்போது மட்டும் என்ன சொல்கிறோம்? "அவனுக்குப் போதாத காலம்" என்கிறோம்.

அந்த வார்த்தையை எதிர்த்துப் பேசத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

என் அப்பா தறிக்காரர். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், ஆரணியில் பாவும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பினார். கடைசி பஸ் போய்விட்டது. அமாவாசை இருட்டு. முந்தின வாரம்தான் ரோட்டில் புதிதாக ஒரு வேகத்தடை முளைத்திருந்தது. அதற்கு வெள்ளைக்கோடு இல்லை, பலகை இல்லை, விளக்கு இல்லை. தூக்கி எறிந்தது. வலது கால் முறிந்தது. குழித்தறியில் பாதி வேலை கையினுடையது என்றால் பாதி வேலை காலினுடையது. மிதிக்கக் கால் இல்லையென்றால் தறி நின்றுவிடும். ஐந்து மாதம் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: போதாத காலம்.

காலம் போதாமலா என் அப்பா விழுந்தார்? பஸ் போதவில்லை. வெளிச்சம் போதவில்லை. ரோடு போட்டவருக்கு அக்கறை போதவில்லை. இத்தனையும் மறைத்துக்கொண்டு, பழியைக் காலத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் எழுந்து போய்விட்டோம்!

தோழர்களே, இது ஒரு வீட்டுக் கதையல்ல. மத்திய அரசின் கணக்கைச் சொல்கிறேன். 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளுக்கு 49 பேர். ஒரு பஸ் நிறைய ஆட்கள். தினமும் ஒரு பஸ் ஏரியில் கவிழ்ந்து அத்தனை பேரும் செத்தால் சட்டசபை சும்மா இருக்குமா? அதே சாவு 49 இடத்தில், 49 வாசலில், 49 பந்தலாகப் பிரிந்து நடக்கிறது. அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் செங்கம் அருகே பத்து நாள் இடைவெளிக்குள் இரண்டு விபத்து. ஒவ்வொன்றிலும் ஏழு உயிருக்குக் குறையவில்லை. அதே சாலை, அதே மாதம். இதற்கும் போதாத காலம்தான் காரணமா?

"ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்டினால் ஏன் இந்த வம்பு?" என்று ஒரு பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதைத் தட்டிக் கழிக்க நான் வரவில்லை. முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மீசை அரும்பாத பிள்ளைக்கு பைக் சாவி கொடுத்தது யார்? போலீஸா? நாம். பதினெட்டு வயது ஆகாதவன் ஓட்டி விபத்து நடந்தால், பெற்றவனுக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சிறையை விடுங்கள். பிள்ளையைப் படத்தில் மாட்டிவிட்டு அழுகிற தண்டனையை எந்தச் சட்டம் குறைக்கும்? ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின்மேல் வைத்துக்கொண்டு போகிறோமே, அடிபடப் போவது டேங்கா, தலையா?

தம்பிகளே, உங்களுக்கு ஒரு கணக்கு. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் பதினாறரை மீட்டருக்கு மேல் ஓடும். நம் சேலை ஒன்றின் நீளம் ஐந்தரை மீட்டர். செல்போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று நீ ஒரே ஒரு நொடி குனிந்து பார்த்தால், மூன்று சேலை நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறாய். அந்த மூன்று சேலையை நெய்ய உன் அம்மாவும் அப்பாவும் எத்தனை நாள் தறியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துப் பார். அந்த நீளத்துக்குள் ஒரு குழந்தை ரோட்டைக் கடக்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் பலம் இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். 2022-ல் செத்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அளவு மீறிய வேகத்தால் செத்தவர்கள். நூற்றுக்கு நாற்பத்துநாலு பேர் பைக்கிலும் ஸ்கூட்டரிலும் போனவர்கள்.

ஆகவே ஓட்டுகிறவன் குற்றவாளிதான். மறுக்கவில்லை. ஆனால் அவன் தனியாக நிற்கும் குற்றவாளி இல்லை. அவனைப் பிடித்துவிட்டோம் என்று மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்!

தனியார் பஸ் ஏன் பேய் மாதிரி ஓடுகிறது? முன்னால் போகிற பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த ஸ்டாப்பில் நிற்கும் கூட்டம் தனக்கு. வசூலுக்குத் தகுந்த பேட்டா. பேட்டாவுக்குத் தகுந்த வேகம். டிரைவரைப் பிடித்துத் திட்டுகிறோம். அவர் காலை ஆக்ஸிலேட்டரில் வைத்து அழுத்துகிற கையைக் கேட்கிறோமா? மூன்று பேர் உட்காரும் ஆட்டோவில் பத்துப் பேர் தொங்குகிறார்களே, ஆசைப்பட்டா தொங்குகிறார்கள்? பஸ் வராததால் தொங்குகிறார்கள்.

இப்போது ரோட்டுக்கு வருவோம்.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு எழுதியே வைத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர். உயரம் 10 சென்டிமீட்டர். அதன்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை. 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்படியான வளைவு. நம் பக்கத்தில் இருப்பவற்றை டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி எழுப்பியிருக்கும். பிரசவத்துக்குப் போகும் பெண்ணையும் முதுகு ஒடிந்த கிழவரையும் தூக்கிப் போடுகிற அது வேகத்தடையா? இருட்டில் வருகிறவனுக்கு அது பொறி!

தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தை ஆபத்தான இடம் என்று பட்டியலில் சேர்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டில், சாவோ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்து நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்துப் பேர் செத்திருக்க வேண்டும். நம் ஊர் ரோடு தேசிய நெடுஞ்சாலை அல்ல. இங்கே ஒருவர் விழுவார், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் விழுவார். பட்டியலுக்கு ஆள் சேராது. ஆனால் 2022-ல் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளை விட்டு மற்ற ரோடுகளில் செத்தவர்கள் 66,441 பேர். நூற்றுக்கு முப்பத்தொன்பது. அந்த மற்ற ரோடு எது? நீங்களும் நானும் நடக்கிற இந்த ரோடு. பத்துப் பிணம் விழுந்தால்தான் ஒரு வளைவு நேராகும் என்றால், அந்தப் பத்தில் ஒருவராகப் போக இங்கே யார் தயார்? கை தூக்குங்கள் பார்ப்போம்!

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை எல்லோருக்கும் தெரியும். அது ஒரு சாலை விபத்துக் கதை என்று என்றாவது யோசித்தோமா? இளவரசன் ஓட்டிய தேர், குறுக்கே துள்ளி வந்த கன்றின்மேல் ஏறியது. பசு போய் மணியை அடித்தது. கன்று ஏன் பார்த்து நடக்கவில்லை என்று சோழன் கேட்டானா? கன்றுக்குப் போதாத காலம் என்றானா? தவறு என் வீட்டிலிருந்து புறப்பட்டது என்றான். ஆளுகிறவன் தன் வீட்டைக் கேட்ட கேள்வி அது. அவன் கொடுத்த தண்டனையை நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்.

இன்றைய சட்டமும் ஒரு மணியைக் கட்டித்தான் தொங்கவிட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 198ஏ. விதிப்படி வடிவமைக்காத, விதிப்படி பராமரிக்காத ரோட்டால் ஓர் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்கும் பிரிவு ஊருக்கே தெரியும். இந்தப் பிரிவு யாருக்குத் தெரியும்? மணி இருக்கிறது. கயிற்றை இழுக்க ஆளில்லை.

இழுத்தால் கேட்கும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். கோயம்புத்தூரில் எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன். 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதிலிருந்துதான் 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு பிறந்தது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்று 2017-ல் உத்தரவும் வந்தது. ஒரு தமிழ்நாட்டு மருத்துவர் இழுத்த கயிறு டெல்லியில் ஒலித்தது. நாம் இழுத்தால் திருவண்ணாமலை வரைக்குமாவது கேட்காதா?

கடைசியாக பஸ். இதுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன் என்று இந்த மாநிலத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. நம் பக்கத்தில் பட்டுக்கோட்டை அழகிரி பெயரைத் தாங்கியும் பிறகு சம்புவராயர் பெயரைத் தாங்கியும் பஸ் ஓடியது. லாபம் வரும் தடத்தில் மட்டும் சக்கரம் சுற்றினால் போதாது, லாபம் வராத கிராமத்துக்கும் சுற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அரசு அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆணை வந்தது. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்குச் சொன்னது. நல்ல திட்டம். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தாய்மார்களே, இலவசப் பஸ்ஸில் ஏற வேண்டுமானால் முதலில் பஸ் வர வேண்டாமா?

"பஸ் விட்டால் நஷ்டம்" என்பார்கள். பள்ளிக்கூடம் என்ன லாபம் தருகிறது? ஆஸ்பத்திரி என்ன லாபம் தருகிறது? பஸ் வராத ஊரில் நஷ்டம் மறைந்துபோவதில்லை. கழகத்தின் கணக்கிலிருந்து நம் வீட்டுக் கணக்குக்கு மாறுகிறது. பைக்குக்கு மாதத் தவணை, பெட்ரோல், விழுந்தால் மாவுக்கட்டு, தறி நின்றால் கூலி. அத்தனையும் நஷ்டம்தான். அதை யாரும் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ரயில் கதையும் இதே கதை. ஆரணி ரோடு என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அது ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாகப் போக வேண்டிய திண்டிவனம்–நகரி பாதைக்கு 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று லைசென்ஸ் எடுக்கும் வயது. ரயிலுக்காகக் காத்திருந்த தலைமுறை பைக்கில் ஏறிவிட்டது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று. நம் ஒன்றியத்து வேகத்தடைகள் ஒவ்வொன்றையும் அளந்து, விதிப்படி இல்லாதவற்றை இடித்துத் திருத்திக் கட்ட வேண்டும். அதுவரை அவற்றுக்கு வெள்ளையும் விளக்கும் வேண்டும்.

இரண்டு. பத்துச் சாவுக்குக் காத்திருக்காமல், இரண்டாவது ஆள் விழுந்த இடத்திலேயே மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு வந்து நின்று பார்க்க வேண்டும்.

மூன்று. ஆரணியிலும் வந்தவாசியிலும் வேலை முடிகிற நேரத்துக்குப் பிறகும் நம் ஊருக்கு அரசு பஸ் வேண்டும்.

நான்கு. 25 கிலோமீட்டர்வரை தடம் கொடுக்கும் புதிய மினி பஸ் திட்டம் 2025-ல் வந்துவிட்டது. பஸ் போகாத நம் சுற்றுக் கிராமங்களுக்கு அந்தத் தடங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

அரசிடம் நான்கு கேட்டால் நம்மிடமும் கேட்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத பிள்ளைக்குச் சாவி கொடுக்க மாட்டோம். குடித்தவனை வண்டியில் ஏற விட மாட்டோம். அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து போலீஸ் கேஸ் ஆகுமென்று ஒதுங்க மாட்டோம். உதவுகிறவரைத் தொல்லை செய்யக் கூடாது என்று சட்டமே காக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் முதலமைச்சர் தொடங்கிவைத்ததே இதோ இருக்கிற மேல்மருவத்தூரில்தான்.

ஒரு காலத்தில் நம் தெரு எதற்காக இருந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விடிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டுவோம். ஓர் இழை அறுந்தாலும் நின்று, தேடி, பிணைத்த பிறகுதான் அடுத்த வேலை. ஆயிரக்கணக்கான இழையில் ஒன்றுதானே என்று எந்த நெசவாளியும் விட்டதில்லை. பட்டுக்குக் காட்டிய அந்தக் கவனத்தைத்தான் மனிதனுக்கும் காட்டச் சொல்கிறேன்.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க் கூட்டம். மனு தயார். நாம் காரில் போக வேண்டாம், பைக்கிலும் போக வேண்டாம். பெரணமல்லூர் பஸ் நிறுத்தத்திலிருந்து பஸ் ஏறியே போவோம். எங்கே நின்றோம், எவ்வளவு நேரம் நின்றோம், எத்தனை பஸ் மாறினோம், வழியில் எத்தனை வேகத்தடையில் வெள்ளையில்லை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போவோம். அந்தத் தாளையும் மனுவோடு சேர்த்துக் கலெக்டர் கையில் கொடுப்போம். எது போதவில்லை என்று அவர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன். நீங்களும் வாருங்கள்.