உறையாத விண்மீன் மண்டலம்

சித்திரை மாதக் கடைசியில், இரவு ஒன்பது மணிவாக்கில் டில்லியில் மொட்டைமாடி ஏறிப் பாருங்கள். உச்சி வானத்தை ஒட்டி உத்திர நட்சத்திரம் நிற்கும். அதற்குச் சற்றே கிழக்கில், கன்னி விண்மீன் கூட்டத்தில், ஒன்றுமே இல்லாததுபோல ஓர் இடம். அங்கேதான் எம்87 என்ற விண்மீன் மண்டலம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அகப்படாது. டில்லித் தூசிக்கும் தெருவிளக்குக்கும் நடுவே சின்னத் தொலைநோக்கி வைத்தாலும் பாடுதான். நைனிடால் பக்கம் மலையேறினால் அதே தொலைநோக்கியில் மங்கலான திட்டாகத் தெரியும். அந்த ஒளி ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. நைனிடால் நிற்கிற மலையே அப்போது எழும்பியிருக்கவில்லை.

1724-இல் மன்னர் ஜெய்சிங் டில்லியில் எழுப்பிய ஜந்தர் மந்தர் வானாய்வகத்தின் கருவிகளில் லென்ஸ் கிடையாது. அங்கிருந்து இது தெரிந்திருக்காது. 1781-இல் பிரான்சின் சார்ல் மெஸ்ஸியே இதைக் கண்டார். அவர் தேடியதோ வால்மீன். வால்மீன் என்று ஏமாந்துவிடக் கூடாதவற்றின் பட்டியலில் இதை 87-ஆவதாகத் தள்ளிவைத்தார். தள்ளிவைத்ததற்குத்தான் இன்று இத்தனை மவுசு!

நமது பால்வெளியைப் போல இதற்குச் சுருள் கரங்கள் இல்லை. பந்துக்கு நெருக்கமான நீள்வட்டம். விண்மீன்கள் பெரும்பாலும் முதியவை, மஞ்சள் சாயல் கொண்டவை. பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டங்களான கோளக் கொத்துகள் நம்மிடம் 150-ஐ ஒட்டியே உள்ளன; அங்கே சுமார் 12,000.

எனக்கு விசித்திரமாகப் படுவது வேறொன்று. அதைச் சுற்றிலும் வாயு ஏராளம். அது ஆறிக் குளிர்ந்தால் புது விண்மீன்கள் பிறக்க வேண்டும். ஆனால் பிறப்பது மிகக் குறைவு. ஏன்?

அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கும் பால் தயிராக உறையுமா? இங்கே அடுப்பு, நடுவிலிருக்கும் கருந்துளை. எடை சூரியனைப் போல் 650 கோடி மடங்கு. 2019 ஏப்ரல் 10 அன்று உலகமே பார்த்த ஆரஞ்சு வளையம் இதன் படம்தான். அந்த நிறம் நாம் பூசியது. படம் பிடித்தது ரேடியோ அலையில்; அதற்கு ஏது நிறம்? கருந்துளையின் அருகிலிருந்து சுமார் 5,000 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு தாரை பீறிட்டுக் கிளம்புகிறது. 1918-இலேயே வானியலாளர் ஹீபர் கர்டிஸ் அதை நேர்க்கோடாகக் கண்டு குறித்துவைத்தார்.

வாயு சூடேறிக் கிடப்பதை எக்ஸ்ரேயில் காட்டியவற்றில் ஒன்று, சந்திரா விண்வெளித் தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. தாரை வாயுவைக் கிளறி, குமிழிகளாக ஊதி, ஆறவிடாமல் வைத்திருக்கிறது. ஒரே திசையில் பாயும் தாரை எல்லாப் பக்கமும் எப்படிச் சூட்டைப் பரப்புகிறது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை.