வண்டி ரெண்டு, பேர் ஒண்ணு

(தலைப்பு: இல்லறத்தைப் பெரிதும் காப்பது அன்பா? முன்யோசனையா? – ‘முன்யோசனையே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே அன்பைப் பற்றிப் பேசி உங்களையெல்லாம் கண்கலங்க வைத்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே! தொலைக்காட்சி முன்னாலே, கையிலே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

சகோதரி சொன்னாங்க, ‘அன்பு இருக்கிற வீட்டிலே கணக்கு எதுக்கு? உன்னுது என்னுதுங்கிற பிரிவு எதுக்கு?’ன்னு. கேட்க நல்லாத்தான் இருந்தது. நானே கைதட்டினேன். (சிரிப்பு) ஆனா அம்மா, அந்தப் பேச்சை ஒரே ஒரு இடத்திலே மட்டும் பேசிடாதீங்க. அது கார் இன்சூரன்ஸ் ஆபீஸ். அங்கே போய், ‘நாங்க ஈருடல் ஓருயிர்’னு சொன்னா, ‘ரொம்ப சந்தோஷம் சார், ஆர்.சி. புக்கு யார் பேர்லே இருக்கு?’ன்னு கேப்பாங்க. (பலத்த கைதட்டல்)

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். நான் கல்லூரிக்குப் போகணும். என் மனைவி பேங்க்குக்குப் போகணும். ஆளுக்கொரு கார். வசதி பெருத்துப்போய் வாங்கலே நடுவர் அவர்களே! அவங்க பேங்க் ஊருக்கு வடக்கே, என் கல்லூரி தெற்கே. வீட்டு வாசலோ குறுகல். ஒண்ணுக்குப் பின்னாலே ஒண்ணாத்தான் நிறுத்த முடியும். காலையிலே யார் முதல்லே கிளம்பறாங்களோ, அவங்க கேட்டை ஒட்டி நிக்கிற வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடணும். அது யார் வண்டிங்கிற பேச்சே கிடையாது. அதுதான் எங்க வீட்டு அரசியல் சட்டம்! (சிரிப்பு)

ரெண்டு வண்டியும் என் பேரிலேதான் இருந்தது. ஆணாதிக்கம்னு நினைச்சுடாதீங்க, சிக்கனம்! வண்டிச் சொந்தக்காரர் தானே ஓட்டிப் போய் விபத்திலே இறந்துட்டா, அவர் குடும்பத்துக்குன்னு ஒரு காப்பீடு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 2018-லே அந்தத் தொகையை 15 லட்சமா உயர்த்தினாங்க. 2019 ஜனவரியிலேருந்து, ஒருத்தருக்கு எத்தனை வண்டி இருந்தாலும் இந்தக் காப்பீடு ஒண்ணு போதும்னு ஆச்சு. 2022 ஜூலையிலே, ஒரே சொந்தக்காரரோட வண்டிகளைச் சேர்த்து ஒரே பாலிசியா எடுக்கவும் அனுமதி வந்தது. ‘ரெண்டையும் உங்க பேர்லேயே வச்சுக்கங்க சார், பிரீமியம் மிச்சம்’னாங்க. நானும் வச்சுக்கிட்டேன்.

இன்னொரு சலுகையும் உண்டு. ஒரு வருஷம் இழப்பீடே கேக்காம இருந்தா, வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்திலே 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்து 25, 35, 45; அஞ்சு வருஷம் ஆனா 50. ஒரு தடவை கேட்டுட்டா, பழையபடி பூஜ்யம்! ஒருநாள் என் மனைவி எங்க கேட்டிலேயே உரசிட்டாங்க. ‘ஏங்க, இன்சூரன்ஸ்லே வாங்கிக்கலாமே’ன்னாங்க. ‘அம்மா, கோடு போட்டது நீ. ஆனா 50 சதவீதம் போறது எனக்கு’ன்னேன். கீறலைக் கைக்காசு போட்டு மூடினோம். (சிரிப்பு)

சிரிக்கிற கதை இத்தோட முடிஞ்சுது நடுவர் அவர்களே.

எங்கள் கல்லூரியிலே என்னைவிட வயதிலே இளையவர் ஒருவர், எனக்குத் தம்பி மாதிரி. அவர் வீட்டிலேயும் ரெண்டு கார். ரெண்டும் அவர் பேரிலே. சின்னக் காரை அவர் மனைவிதான் எட்டு வருஷமா ஓட்டினாங்க. பள்ளிக்கூட டீச்சர். ஒரு மழை நாளிலே, வழக்கமாய்ப் போகிற சாலைதான், டயர் வெடித்து, வண்டி புளியமரத்திலே மோதி, அந்த இடத்திலேயே போயிட்டாங்க. எதிரே லாரி இல்லே, பஸ் இல்லே. வேறே யார் மேலேயும் தப்பு இல்லே.

காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு இன்சூரன்ஸ் ஆபீஸ் போனார். உரிமம் உள்ளவங்க யார் ஓட்டினாலும் வண்டிச் சேதத்துக்கு உண்டு. அதனாலே காருக்குப் பணம் வந்தது. ‘அந்த 15 லட்சம்?’னு கேட்டார். ‘அது சொந்தக்காரர் உயிருக்குத்தான் சார். சொந்தக்காரர் நீங்க. நீங்க உயிரோட இருக்கீங்களே’ன்னாங்க. (அரங்கில் அமைதி)

வழக்குப் போடலாமான்னு பார்த்தார். அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர், சொந்தக்காரர் நிக்கிற இடத்திலேதான் நிக்கிறார். தன் மேலேயே தான் இழப்பீடு கேட்க முடியாது என்கிற வழியிலே 2009-லே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கு. புருஷன் வண்டியை ஓட்டுகிற பெண்டாட்டி, சட்டத்தின் கண்ணிலே இரவல் வாங்கி ஓட்டுகிறவள்தான்!

என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவர் சொன்னார்: ‘ஐயா, பணம் வராததுகூட எனக்கு வலிக்கலே. அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டு வருஷமா ஓட்டினது அவ. காருக்கு விலை போட்டிருக்கு. என் உயிருக்குப் போட்டிருக்கு. அவ பேரு எங்கேயுமே இல்லையேய்யா!’

நடுவர் அவர்களே, அந்த வீட்டிலே அன்புக்கா குறைச்சல்? அவர் மனைவியை உயிராய் நேசித்தவர். அன்பு இருந்தது. காகிதத்திலே பேரை எழுதுகிற முன்யோசனை இல்லே.

அன்று ராத்திரி நான் தூங்கலே. மறுநாளே அவங்க அதிகமா ஓட்டுற வண்டியை அவங்க பேருக்கு மாத்துற வேலையைத் தொடங்கினேன். பேர் மாறினா 14 நாளுக்குள்ளே இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுதிக் குடுக்கணும், குடுத்தேன். அந்த 50 சதவீதத் தள்ளுபடி வண்டியோட போகாது, ஆளோட நின்னுடும். அவங்க பூஜ்யத்திலேருந்து ஆரம்பிச்சாங்க. போகட்டும்! இப்போ அவங்க உயிருக்கும் 15 லட்சம் எழுதியிருக்கு.

ஆனா அதுவும் போதாது. எங்க வீட்டு அரசியல் சட்டத்தை மறந்துடாதீங்க. கேட்டை ஒட்டி நிக்கிற வண்டி! நான் அவங்க காரை எடுத்தா, அங்கே நான் இரவல். அவங்க என் காரை எடுத்தா, அவங்க இரவல். அதனாலே வண்டியோட ஒட்டாம, ஆளோடவே வர்ற தனிநபர் விபத்துக் காப்பீடு ஆளுக்கொண்ணு எடுத்தோம். எந்தக் காரிலே போனாலும் சரி, பஸ்ஸிலே போனாலும் சரி, அது கூடவே வரும்.

இன்னும் ஒண்ணு. சொந்தக்காரர் இறந்துட்டா, வண்டிப் பாலிசி மூணு மாசமோ, அதன் காலம் முடியறவரைக்குமோ, எது முந்தியோ அதுவரைக்கும்தான் செல்லும். அதுக்குள்ளே வாரிசு பேருக்கு மாத்திக்கணும். துக்கத்திலே இருக்கிறவங்களுக்கு இது எப்படித் தெரியும்? காகிதம் எந்த பீரோவிலே, எந்தப் பையிலே இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டு முடிச்ச அன்னைக்கு என் மனைவி கேட்டாங்க: ‘கல்யாணமாகி இத்தனை வருஷத்திலே எனக்குன்னு நீங்க எழுதினது இதுதானாங்க?’ தமிழ்ப் பேராசிரியன். கவிதையா எழுதியிருக்கணும், எழுதலே. (சிரிப்பு) ‘ஆமாம்மா, இதுதான்’னேன். மடிச்சுப் பத்திரமா பீரோவிலே வச்சாங்க.

எதிரணியிலே இருக்கிற அன்புச் சகோதரிக்குச் சொல்றேன்: நீங்க பேசின அன்பு பொய்யில்லே. ஆனா வீட்டுக்குப் போனதும் உங்க வண்டிக் காகிதத்தை எடுத்து, உங்க பேர் எங்கேயாவது இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இல்லேன்னா, நாளைக்கே என் அணிக்கு வந்துடுவீங்க. (கைதட்டல்)

இல்லறத்தைப் பெரிதும் காப்பது முன்யோசனையே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.