வாளின் எல்லையை அறிந்த வீரர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

படைத்தலைவர் ஒருவர் நாட்டின் தலைமையையும் ஏற்பாரானால், மக்கள் உள்ளத்தில் ஐயம் எழுவது இயல்பு. கட்டளையிட்டே பழகியவர் மாற்றுக் கருத்தைப் பொறுப்பாரா? போரிலே புகழ் பெற்றவர் அமைதியை நாடுவாரா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் முகமாக, அமெரிக்காவின் 34-ஆவது ஜனாதிபதியாக விளங்கிய ட்வைட் ஐசன்ஹோவரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

1890-ஆம் ஆண்டு டெக்சஸ் மாகாணத்திற் பிறந்த அவர், கான்சஸ் மாகாணத்து அபிலீன் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் வளர்ந்தார். அன்னையாரோ போரை அறவே வெறுத்த சமயப் பற்றாளர். எனினும், செலவின்றிக் கல்வி கிட்டும் என்பதால் மைந்தர் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியிற் சேர்ந்தார். முதல் உலகப் போரில் களம் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அதன்பின் 1920 முதல் 1936 வரை பதினாறு ஆண்டுகள் மேஜர் பதவிக்கு மேல் அவர் உயரவில்லை. பதவி உயர்வுப் பட்டியலை ஆண்டுதோறும் எதிர்நோக்கும் நம் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்!

1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்கள் பிரான்சு நாட்டு நார்மண்டிக் கரையில் இறங்கினர். அப்பெரும்படையின் தலைவர் ஐசன்ஹோவரே. முயற்சி தோற்குமானால் வெளியிடுவதற்கென, பழி முழுவதும் தம்முடையதே என்று தம் கைப்பட ஒரு குறிப்பெழுதி முன்னரே வைத்திருந்தார். வெற்றி கிட்டியதால் அதற்குத் தேவை நேரவில்லை. பெருமையைப் பலருக்கும் பகிர்ந்து, பழியைத் தாமே சுமக்கத் துணிவதன்றோ தலைமை!

1953-இல் அவர் ஜனாதிபதியானார். அவ்வாண்டு ஏப்ரலில் ஆற்றிய உரையில், கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் பள்ளிக்கூடம் எழுப்பலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஜூலையில் கொரியப் போர் நிறுத்தம் ஏற்பட்டது. 1957-இல் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் பள்ளியில் நுழையவொட்டாது தடுக்கப்பட்டபோது, நீதிமன்ற ஆணையை நிலைநாட்ட இராணுவத்தையே அனுப்பினார். 1959 டிசம்பரில் தில்லி மாநகருக்கு வந்தார். பதவியிலிருக்கையில் நம் நாட்டுக்கு வருகை தந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி அவரே.

குறைகளை மறைப்பது நேர்மையாகாது. 1953-இல் ஈரானிலும், 1954-இல் குவாதமாலாவிலும் அமைந்திருந்த ஆட்சிகளைக் கவிழ்க்க அவருடைய அரசு மறைமுகமாகத் துணை நின்றது. அணு ஆயுதக் குவிப்பும் அவர் காலத்திலேயே பன்மடங்கு பெருகிற்று.

ஆயினும், 1961 ஜனவரி 17-ஆம் நாள் நிகழ்த்திய விடைபெறும் உரையில், படையும் ஆயுதத் தொழிலும் கைகோத்து ஆட்சியின் மீது அளவிறந்த செல்வாக்குப் பெறலாகாது என நாட்டு மக்களை எச்சரித்தார். விழிப்பும் அறிவும் உடைய குடிமக்களே இதற்குக் காவலென்றார். வாழ்நாளின் பெரும்பகுதியைப் படையிலே கழித்தவர் வாயிலிருந்து வந்தமையால், அச்சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. 1969-இல் அவர் மறைந்தார். எச்சரிக்கை இன்றும் மறையவில்லை.

அன்பர்களே! ஆயுதத்தின் ஆற்றலை அறிந்தவர் பலர். அதன் எல்லையை அறிந்தவர் சிலரே. நம் பிள்ளைகளுக்கு வீரர்களின் வரலாற்றைச் சொல்லும்போது, அவர்கள் வென்ற போர்களோடு நில்லாமல், பெற்ற அதிகாரத்தை அவர்கள் எவ்வாறு கையாண்டார்கள், காலம் முடிந்ததும் எவ்வாறு இறங்கினார்கள் என்பதையும் சொல்வோமாக.