அந்த அவசரம் ஏன் வரவில்லை?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் என்ன சொன்னாரு? ‘போர் வந்தாத்தான் மனுஷன் திறமை வெளிப்படும், கார் செய்த ஃபோர்டு, 1944இல் மணிக்கொரு குண்டுவீச்சு விமானம் செய்தது’ என்றார். உண்மைதான் ஐயா! கார் செய்யத் திட்டமிட்ட நம்ம வால்சந்த் ஹீராசந்தும் 1940இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். போர் முடிஞ்சதும் அங்கே என்ன செஞ்சாங்க? ரயில் பெட்டி! குண்டு போட அல்ல, நாம ஊருக்குப் போக! (கைதட்டல்)

இதே திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பாருங்க. வீரராசேந்திர சோழன் வென்ற போர்களெல்லாம் அதில் இருக்கு. ஆனா, 900 ஆண்டு கழிச்சும் இந்த ஊர் எதைச் சொல்லிப் பெருமைப்படுது? 15 நோயாளிகள் படுத்துச் சிகிச்சை பெற்ற ஆதுலர் சாலையை!

திறமை எப்பவும் கையில்தான் இருக்கு. போர் தந்தது அவசரம் மட்டுமே. அந்த அவசரம் பசிக்கும் நோய்க்கும் ஏன் வரவில்லை? அதைத்தான் கேட்கிறேன்.